கிலோ கணக்கில் வாங்கப்படும் பாதுகாப்பு கேட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு வளாகங்களில் பழுதான வாகன நுழைவாயில் கேட்டை அகற்றிவிட்டுப் புதிதாக அமைக்கும் வேலைக்கு அடிக்கடி டெண்டர் அறிவிப்பு வருகிறது. அறிவிப்பில் இருப்பது ஒரே வரி. அதன் பின்னால் உள்ள எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. பழையதைக் கழற்ற ஓர் இனம், இரும்பு கேட் செய்து பொருத்த ஓர் இனம், பெயின்டுக்கு ஒன்று. மோட்டார் உண்டென்றால் அதற்குத் தனியாக ஒரு வரி, பெரும்பாலும் வேறொரு எஸ்டிமேட்டில். இரும்பு வேலைக்கு விலை கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். புதிய கேட் இரண்டு மழைக்காலத்துக்குள் கயிறு கட்டி நிறுத்தப்படுவதற்கான காரணம் பல இடங்களில் இந்தக் கிலோவிலேயே தொடங்குகிறது.

6 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் உள்ள பக்கவாட்டில் நகரும் ஒரு சாதாரண ஸ்லைடிங் கேட்டை எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்கு 80-க்கு 40 மி.மீ. செவ்வகக் குழாய், 3.2 மி.மீ. கனம், மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. குறுக்கே மூன்று, நெடுக்கே ஐந்து என்று வைத்தால் 28.5 மீட்டர் குழாய், சுமார் 157 கிலோ. மேலே 2 மி.மீ. தகடு அடித்தால் சதுர மீட்டருக்கு 15.7 கிலோ வீதம் 12.6 சதுர மீட்டருக்கு 198 கிலோ. வீல், ரேக், பூட்டு, வெல்டிங் எல்லாம் சேர்த்து 400 கிலோ. அந்தத் தகட்டையே 3 மி.மீ. ஆக்கினால் இன்னும் 99 கிலோ கூடும். வேலை துளியும் கூடாது, பில் கூடும். எடைக்குப் பணம் என்றால் கேட்டை கனமாக்குவதுதான் ஒப்பந்ததாரருக்கு லாபம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எஸ்டிமேட் அவரிடம் கேட்டதே அதைத்தான்.

இதற்கு நேர் எதிரான தில்லுமுல்லும் உண்டு. செய்த வேலையின் அளவைப் பதியும் எம் புக்கில் எடையைப் பட்டியல் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதுவார்கள்: 3.2 மி.மீ. குழாய், இத்தனை மீட்டர், மீட்டருக்கு இத்தனை கிலோ. உள்ளே போயிருப்பது 2 மி.மீ. குழாயாக இருக்கும். முனைகளை மூடி வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்த பிறகு வெளியிலிருந்து கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டு பரிகாரங்கள் உண்டு. கேட் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் எடைமேடைச் சீட்டு வாங்குவது ஒன்று. பெயின்டுக்கு முன் பட்டறைக்கே போய் முனை திறந்திருக்கும்போது கனம் அளக்கும் வெர்னியர் கருவி வைத்துப் பார்ப்பது மற்றொன்று. இரண்டும் டெண்டர் நிபந்தனையில் எழுதியிருந்தால் மட்டுமே நடக்கும்.

தகடா, கம்பியா என்ற கேள்வியைப் பாதுகாப்புக் கேள்வியாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். தகடு அடித்தால் வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளே இருக்கும் காவலருக்கும் வெளியே நிற்பது யார் என்று தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சென்னைக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் வரும். முழுத் தகடு அடித்த 12.6 சதுர மீட்டர் கேட்டில் அது இரண்டு டன்னை நெருங்குகிறது. அவ்வளவும் போய்ச் சேரும் இடம் மேலே கேட்டைப் பிடித்திருக்கும் கைடு ரோலர்களும், அவற்றைத் தாங்கும் தூணும், தூணில் அடித்த நான்கு நங்கூர போல்ட்டுகளும். 10 செ.மீ. இடைவெளியில் 16 மி.மீ. சதுரக் கம்பி வைத்தாலும் எடை ஏறக்குறைய அதே 200 கிலோதான். காற்றோ ஊடே போய்விடும். கடலோர மாவட்டங்களில் முழுத் தகட்டு கேட் கேட்கும் அலுவலகங்கள் தூணுக்கும் நங்கூரத்துக்கும் தனிக் கணக்கு போட்டதாகப் பெரும்பாலான டெண்டர் வரைபடங்களில் தெரியவில்லை. பல டெண்டர்களில் வரைபடமே இல்லை என்பது வேறு கதை.

இனி மோட்டார். பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவு ஒன்று, மின் பிரிவு ஒன்று. கேட்டைக் கட்டடப் பிரிவும் மோட்டாரை மின் பிரிவும் தனித்தனியாக மதிப்பிட்டு, தனித்தனி டெண்டர் விட்டு, தனித்தனி ஒப்பந்ததாரரிடம் கொடுப்பது வழக்கம். மின் பிரிவு எஸ்டிமேட் போடும் நாளில் கேட் இன்னும் காகிதத்தில்தான் இருக்கும். '500 கிலோ வரை இழுக்கும் மோட்டார்' என்று எழுதிவிடுவார்கள். கேட் வரும்போது தடித்த தகட்டோடு 500 கிலோவாக வந்து நிற்கும். மோட்டார் விற்பவரின் பட்டியலில் இருக்கும் அந்த 500 கிலோ, புது வீல், மேடுபள்ளமில்லாத, சுத்தமான டிராக் என்ற நிலைக்கானது. மண்ணும் சரளையும் விழும் வாசலில் அந்த எண் நிற்காது. கேட் எடையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு திறனுள்ள மோட்டாரைத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 400 கிலோ கேட்டுக்கு 600 என்பது குறைந்தபட்சம், 800 என்றால் நிம்மதி.

எடையோடு முடிவதில்லை, எத்தனை முறை ஓடும் என்பதையும் கேட்க வேண்டும். வழக்கமான ஸ்லைடிங் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 10 மீட்டர் நகர்த்தும். 6 மீட்டர் திறக்க 36 நொடி, மூட 36 நொடி. வீட்டு உபயோகத்துக்கான மோட்டாரை 30 சதவீத நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றால் ஒரு மணி நேரத்தில் 15 தடவை திறந்து மூடலாம். அதற்கு மேல் போனால் சூடேறி உள்ளிருக்கும் தெர்மல் சுவிட்ச் தானாக நிறுத்திவிடும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஒரு கலெக்டர் அலுவலக வாசலில் எத்தனை வண்டி நுழைகிறது என்று யோசித்துப் பாருங்கள். 'மோட்டார் பழுது' என்று புகார் எழுதுகிறார்கள். மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பகலில் வாகனங்களைக் கட்டுப்படுத்துவது, ஏறி இறங்கும் தடுப்புக் கம்பமான பூம் பேரியரின் வேலை. இரவில் வளாகத்தை அடைப்பது கேட்டின் வேலை. இரண்டையும் ஒரே சாதனத்தின் தலையில் கட்டும் எஸ்டிமேட் தொடக்கத்திலேயே தவறு.

மோட்டார் உடைவதற்கு இன்னொரு காரணம் உண்டு, இதை எந்த டெண்டரிலும் பார்க்க முடியாது. கேட்டின் அடியில் பல் வைத்த ரேக் ஓடும், மோட்டாரின் பினியன் என்ற பல் சக்கரம் அதைத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு மி.மீ. இடைவெளி இருந்தே ஆக வேண்டும். பொருத்துபவர் அவசரத்தில் ரேக்கைப் பினியன் மேல் படிய வைத்துவிட்டால் கேட்டின் எடையில் ஒரு பங்கு மோட்டார் ஷாஃப்டில் உட்காரும். முதல் நாளில் நன்றாகவே ஓடும். வீல் தேயத் தேய கேட் இறங்கும், எடை முழுக்க ஷாஃப்டுக்கு வரும், கியர் பாக்ஸில் பேரிங் போகும். ஆகவே ரேக்கைத் தாங்கும் போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருக்க வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடைவெளி பார்த்து ரேக்கைத் தூக்கி வைக்க வேண்டும். சில பட்டறைகள் ரேக்கை நேராகக் கேட்டில் வெல்டு செய்துவிடுகின்றன. அதற்குப் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. ஒரு மீட்டர் துண்டுகளாக வரும் ரேக்கில் இணைப்பு இடத்தில் பல் இடைவெளி மாறாமல் இருக்க, மூன்றாவது துண்டொன்றை எதிர்ப்புறமாகக் கவ்வ வைத்து அளவு பிடிப்பது பழைய முறை. அதைச் செய்யாத கேட், இணைப்பைக் கடக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். காது இருப்பவர் பில்லில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கேட் விழாமல் இருப்பது. ஸ்லைடிங் கேட் சாய்ந்து காவலாளியோ குழந்தையோ இறந்த செய்தியைத் தாங்களே வெளியிட்டிருப்பீர்கள். அப்படி விழுவதற்குக் காரணங்கள் இரண்டு மூன்றுதான். திறக்கும் கோடியிலோ மூடும் கோடியிலோ நிறுத்தி (ஸ்டாப்பர்) இல்லாமல், அல்லது 6 மி.மீ. கம்பியை வளைத்து வெல்டு வைத்த பெயரளவு நிறுத்தி மட்டும் இருந்து, கேட் கைடு ரோலரை விட்டு வெளியே ஓடிவிடுவது முதலாவது. மேலே ஒரே ஓர் இடத்தில் ரோலர் வைத்திருப்பது இரண்டாவது. கேட் எந்த நிலையில் இருந்தாலும் குறைந்தது இரண்டு இடங்களில் பிடிப்பு வேண்டும். அதற்காகவே கேட்டின் நீளம் வாசலைவிட 30 முதல் 50 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் வாசல் 6 மீட்டர், கேட்டும் 6 மீட்டர் என்று எழுதுவது வெறும் கவனக்குறைவு இல்லை, ஆபத்து. மூன்றாவது காரணம், கரண்ட் போனபின் கையால் தள்ளும்போது நடப்பது. மோட்டார் பிடித்திருக்கும்வரை, கோடி வந்ததும் மோட்டாரை அணைக்கும் லிமிட் சுவிட்ச் கேட்டை நிறுத்தும். சாவி போட்டு மோட்டாரை விடுவித்த பிறகு கேட்டை நிறுத்த இரும்பு நிறுத்தி ஒன்றுதான் உண்டு. தரையில் காங்கிரீட்டில் புதைத்த நிறுத்தி, கேட்டின் மேல் சட்டத்தில் இன்னொன்று, இரு கோடிகளிலும். இந்த நான்கு துண்டு இரும்பு மொத்தம் 20 கிலோகூட வராது. கிலோ கணக்கில் பார்த்தால் மதிப்பே இல்லாத இனம் என்பதால்தானோ என்னவோ, இது எஸ்டிமேட்டில் விட்டுப்போகிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, மோட்டாரின் விசை அமைப்பு. கேட் நடுவில் யார் மேலாவது முட்டினால் மோட்டார் நின்று பின்வாங்க வேண்டும். அதற்காகவே மோட்டாரின் கட்டுப்பாட்டு போர்டில் விசையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. டிராக்கில் மண் சேர்ந்து கேட் இறுகும்போது யாராவது அதைக் கடைசிவரை திருகி வைத்துவிடுவார்கள். கேட் ஓடும்; ஆள் குறுக்கே வந்தாலும் ஓடும். குறுக்கே எதுவும் வந்தால் ஒளிக்கற்றை தடைபடுவதை உணரும் போட்டோசெல் இரண்டு ஜோடி வேண்டும் என்பது இதனால்தான்: ஒன்று கார் பம்பர் உயரத்தில், 50 செ.மீ. அளவில், இன்னொன்று லாரியின் அடிப்புறத்துக்குத் தோதாக அதைவிட மேலே. ஒரே ஜோடி வைத்த வாசலில் லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒளிக்கற்றை தடையில்லாமல் போய், கேட் லாரியின் வயிற்றில் மோதும்.

தரைக்கு வருவோம். தலைகீழாகப் பதித்த ஆங்கிள் இரும்பின் மேல் வி வடிவ வீல் ஓடுவதுதான் நம் ஊர் வழக்கம். 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பின் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன் அனுமதி. அரைப் பங்கு 5.75 டன், அந்த ஆங்கிளின் முதுகில் ஏறி இறங்குகிறது. கீழே உடைகல் போட்டுச் சாதாரண காங்கிரீட் ஊற்றியிருந்தால் சில மாதங்களில் லாரியின் சக்கரம் படும் இரு தடங்களிலும் டிராக் குழிவிழும். கேட் அந்தக் குழியில் இறங்கி ஏறும்போதுதான் ரேக் பினியனை அடிக்கிறது. வாசலின் முழு அகலத்துக்கும், கேட் ஒதுங்கும் பக்கத்துக்கும் சேர்த்து, ஒரே தொடர்ச்சியான ஆர்.சி.சி. பீம் வேண்டும், எம் 25 தரக் காங்கிரீட், ஆங்கிள் பீமின் கம்பியோடு வெல்டாகி இருக்க வேண்டும். நெல் கிடங்கு, பணிமனை, பஸ் டெப்போ போன்ற இடங்களில் இதில் சமரசமே கூடாது.

டிராக் ரசமட்டமாக இருக்க வேண்டும், சாலை எப்படி இருந்தாலும். 6 மீட்டரில் 6 செ.மீ. சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 400 கிலோ கேட்டை அது 4 கிலோ விசையால் கீழ்நோக்கி இழுக்கும். நன்றாக ஓடும் வீலைத் தள்ள அதுவே போதும். மோட்டாரை விடுவித்ததும் கேட் தானே நடக்க ஆரம்பித்தால் காரணம் இதுதான். மழைத்தண்ணீரும் வண்டலும் ஓடிவரும் வாசலில் தரை டிராக் வைப்பதையே மறுபரிசீலனை செய்யலாம். தரையைத் தொடாமல் பக்கத்துத் தூண்களில் தொங்கி ஓடும் கான்டிலீவர் கேட் இருக்கிறது. விலை கூடும், வாலும் நீளும். 6 மீட்டர் வாசலுக்குக் கேட் ஏறக்குறைய 9 மீட்டர் வேண்டும், அது ஒதுங்க மதில் ஓரமாக அதே அளவு காலி இடமும் வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ காவலர் அறையோ வேப்பமரமோ நிற்கும். இடம் இல்லையென்றால் இரட்டைக் கதவு. அதிலும் ஒரு கணக்கு உண்டு: 3 மீட்டர் அகலமுள்ள 250 கிலோ கதவின் கீல்கள் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் மேல் கீல் தூணைப் பக்கவாட்டில் 250 கிலோ விசையோடு இழுக்கும். செங்கல் தூண் இதைத் தாங்காது. பழைய தூணை அப்படியே வைத்துக்கொண்டு கதவை மட்டும் மாற்றச் சொல்லும் டெண்டர்கள் ஏராளம். கதவு தரையை உரசும் நாளை அவை தள்ளிப்போடுகின்றன, அவ்வளவே.

அகலத்தைத் தீர்மானிக்கும்போது தீயணைப்பு வண்டியை மறந்துவிடக் கூடாது. உயரமான கட்டடங்கள் உள்ள வளாகத்துக்கு முதன்மை வாசல் 6 மீட்டர் என்பதை விதியாகவே எடுத்துக்கொள்வது நல்லது. மேலே வளைவு கட்ட ஆசைப்படும் அலுவலகங்கள் ஏணி வண்டியின் உயரத்தையும் கேட்டுக்கொள்ளட்டும்.

புதைந்திருப்பவை பற்றி ஒப்பந்ததாரருக்கு யாரும் சொல்வதில்லை. 'ஒப்பந்ததாரர் தளத்தைப் பார்வையிட்டதாகக் கருதப்படும்' என்று ஒரு வரி நிபந்தனையில் இருக்கும். பார்வையிட்டால் தரைக்கு மேலே உள்ளதுதான் தெரியும். வாசல் என்பது வளாகத்துக்குள் போகும் அத்தனையும் நுழையும் இடம்: குடிநீர்க் குழாய், மின் கேபிள், தொலைபேசிக் கண்ணாடி இழை, மழைநீர்க் கால்வாய். டெண்டர் விடும் முன்பே வாசலின் இரு புறமும் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சோதனைக் குழி வெட்டிப் பார்த்து அதன் விவரத்தை டெண்டரோடு இணைத்தால் போதும், 'எதிர்பாராத வேலை' என்ற பெயரில் வரும் கூடுதல் பில்லில் பாதி நின்றுவிடும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் உள்ள விதிகள் இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் கேட்கின்றன. கேட் வேலை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். வரைபடமும் குழி விவரமும் கையில் இருந்தால் அந்த 15 நாள் தாராளம். இல்லையென்றால் விலை போடுபவர் குத்துமதிப்பாகப் போடுவார், கவனமாகக் கணக்குப் பார்த்தவர் விலை கூடித் தோற்றுவிடுவார்.

பழையதைக் கழற்றிய நாளுக்கும் புதியது பூட்டும் நாளுக்கும் நடுவே வளாகத்தை எது காக்கும்? இந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்கிய எஸ்டிமேட் அபூர்வம். பீம் காங்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். லாரி ஏற்ற அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். இரண்டு வழி உண்டு. வாசலில் பாதி பாதியாக வேலை செய்வது, அதாவது பீமுக்கு நடுவில் ஓர் இணைப்பு விட்டு, கம்பியைத் தொடரவிட்டு ஊற்றுவது. அல்லது பட்டறையிலேயே வார்த்த பீமைக் கொண்டுவந்து ஒரு வார இறுதியில் இறக்குவது. எதுவானாலும் வண்டி போக மேலே 20 மி.மீ. இரும்புத் தகடு போட வேண்டும். அந்தத் தகடு சதுர மீட்டருக்கு 157 கிலோ, ஆள் தூக்க முடியாது, கிரேன் வேண்டும். தற்காலிக கேட்டுக்கு சாரக் குழாயும் தகடும் போதும். இரவுக் காவலுக்குக் கூடுதல் ஆள் வேண்டும். இவையெல்லாம் தனி இனங்களாக எழுதப்படாதபோது ஒப்பந்ததாரர் என்ன செய்கிறார்? நான்காம் நாளே வண்டியை விடுகிறார். காங்கிரீட் விரிசல் விடுகிறது.

துருவைப் பற்றிப் பெயின்ட் டப்பாவை நம்பிப் பயனில்லை. எண்ணூர், தூத்துக்குடி போன்ற உப்புக் காற்று ஊர்களில் சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுத்த கேட்தான் நிற்கும். ஐ.எஸ். 4759 படி 5 மி.மீ.யும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், 2 முதல் 5 மி.மீ. வரை 460 கிராம் பூச்சு. இதை டெண்டரில் எழுதுபவர்கள் மூன்று விஷயங்களையும் சேர்த்து எழுத வேண்டும். குழாய்களில் காற்றுத் துளை விட்டே வெல்டு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியில் குழாய் வெடிக்கும். தொட்டியின் நீளத்துக்கு அடங்காத கேட்டை இரண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் இணைக்க வேண்டும். முக்கியெடுத்த பின் தளத்தில் வெல்டிங் கூடாது. மூன்றாவதை எவரும் மதிப்பதில்லை. ரேக் தாங்கியும் நிறுத்தியும் கடைசி நேரத்தில் வெல்டு வைக்கப்பட்டு, அந்த இடத்தில்தான் முதலில் துரு இறங்குகிறது. முன்னே சொன்ன காற்றுத் துளைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு: குழாயின் கனத்தை அளக்க வாசல் அதுதான்.

மின்சாரத்தில் சொல்ல நிறைய இல்லை. கேபிள் 75 செ.மீ. ஆழத்தில், சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டரில், குழாய்க்குள்; கட்டுப்பாட்டுக் கம்பிக்குத் தனிக் குழாய்; 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான்; முறையான எர்த். வடகிழக்குப் பருவமழையில் இடி விழுந்து போர்டு எரிவது வாடிக்கை, அதற்கு ஒரு சர்ஜ் தடுப்பான் போதும். மோட்டார் பீடத்தின் உயரம் மட்டும் சற்று யோசிக்க வேண்டியது. மோட்டார் தண்ணீர் தெறித்தால் தாங்கும், மூழ்கினால் தாங்காது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற வளாகங்களுக்கு எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும். பீடத்தை அதற்கு மேலே கட்டச் சொல்வதில் என்ன சிரமம்?

இப்போது சில டெண்டர்களில் புதிய ஆசையொன்று தலைகாட்டுகிறது: லாரி மோதினாலும் தாங்கும் கேட். ஏ.எஸ்.டி.எம். எஃப் 2656 என்ற அமெரிக்கச் சோதனை முறையில் எம் 30 என்றால் 6,800 கிலோ லாரி மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் மோதுவது, எம் 50 என்றால் 80 கி.மீ. வேகம். பி 1 என்றால் லாரி ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வரவில்லை என்று பொருள். இந்தச் சான்று கேட், தூண், அடித்தளம் மூன்றும் சேர்ந்த முழு அமைப்புக்குத்தான். சான்று பெற்ற கேட்டை வாங்கிச் செங்கல் தூணில் மாட்டினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அணுமின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இது தேவை. தாலுகா அலுவலகத்துக்கு வாசலுக்கு முன் ஒரு வளைவும் வேகத்தடையும் போதும், வண்டி 48 கி.மீ. வேகத்தை எட்டவே எட்டாது.

மத்திய அரசு அலுவலகங்களில் நிலைமை வேறு விதம். பொதுநிதி விதிகள் 2017 பொருள்களை ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையத்தில் வாங்கச் சொல்கின்றன. பூம் பேரியரும் மோட்டாரும் அங்கே பொருளாகக் கிடைக்கின்றன. பீமும் தூணும் கேபிள் பள்ளமும் பொருளில்லை, பணி. எனவே பெட்டி வந்து இறங்கும், உள்ளூர் வெல்டர் ஒருவரை வைத்துப் பொருத்துவார்கள். பொருத்தியவர் பொருள் சரியில்லை என்பார், விற்றவர் பொருத்தியது சரியில்லை என்பார். மாநிலத்தில் இரு பிரிவுகளுக்கு நடுவே விழும் அதே பள்ளம் இங்கே இரு நிறுவனங்களுக்கு நடுவே விழுகிறது.

எனவே பொதுப்பணித் துறைக்கும், டெண்டர் விடும் மற்ற துறைகளுக்கும் எங்கள் கோரிக்கை: கேட், தூண், பீம், மோட்டார், கேபிள் எல்லாம் ஒரே டெண்டரில், 'முழுமையாக இயங்கும் ஒரு கேட்' என்ற ஒரே இனமாக, ஒரே ஒப்பந்ததாரர் பொறுப்பில் வரட்டும். துறையின் விலைப்பட்டியலைத் திருத்தும்போது 4, 6, 8 மீட்டர் அகலங்களுக்கு இப்படி மாதிரி இனங்களும் வரைபடமும் சேர்த்தால் கீழ்நிலைப் பொறியாளர் ஒவ்வொரு முறையும் கிலோவைத் தேடிப் போக வேண்டியிருக்காது. குறிப்பிட்ட கம்பெனியின் மாடலைப் பெயர் சொல்லி எழுதவும் வேண்டாம். எடை, வேகம், மணிக்கு எத்தனை முறை, எந்த நிலை வரை தண்ணீர் என்று எழுதினால் போதும்.

பராமரிப்பில் ஒரு கணக்குத் தலைப்புச் சிக்கல் இருக்கிறது. வேலைக்கான பணம் ஒரு தலைப்பில், பராமரிப்புக்கான பணம் வேறு தலைப்பில் என்பதால் இரண்டையும் சேர்த்து ஒப்பிடுவதில்லை. மோட்டாரைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவர் பின்னால் ஒரு போர்டுக்கு வாங்கும் விலை டெண்டர் நாளில் யாருக்கும் தெரியாது. மூன்று ஆண்டுப் பராமரிப்பு விலையையும், போர்டு, பினியன், போட்டோசெல், இரண்டு வீல் ஆகியவற்றின் உதிரி விலையையும் டெண்டரிலேயே கேட்டு, கூட்டுத்தொகையில் யார் குறைவு என்று பார்க்கலாம். பணத்தை எந்தத் தலைப்பிலிருந்து எப்போது கொடுப்பது என்பது பிறகு. உத்தரவாதக் காலம் இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓடாமல் ஏற்புச் சோதனை முடிந்த தேதியிலிருந்து ஓட வேண்டும். மோட்டார் பெட்டியில் தூங்கிய எட்டு மாதமும் உத்தரவாதத்தில் கழிந்த கதைகள் இத்துறையில் சகஜம்.

ஏற்புச் சோதனை அரை நாள் வேலை. மோட்டாரை விடுவித்துக் கேட்டை ஒரு காவலர் தனியாகத் தள்ளிப் பார்க்கட்டும். கொக்கித் தராசு மாட்டி இழுத்தால் 400 கிலோ கேட்டுக்கு 15 கிலோவுக்குள் காட்ட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்க வேண்டும். இரு கோடியிலும் நிறுத்தியில் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். ரேக் இடைவெளியை மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூடிக்கொண்டிருக்கும்போது மரக்கட்டையைக் குறுக்கே வைத்து, கேட் பின்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். போட்டோசெல்லைக் கையால் மறைத்து இன்னொரு முறை. மெயினை அணைத்து, பேட்டரி இருந்தால் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ண வேண்டும். பிறகு டெண்டரில் குறிப்பிட்ட, மணிக்கு இத்தனை முறை என்ற அளவில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். கடைசியாக விடுவிக்கும் சாவிகள், எல்லா ரிமோட்டுகள், போர்டின் கடவு எண், வயரிங் படம் ஆகியவற்றைக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். கடவு எண் ஒப்பந்ததாரரிடமே இருந்துவிட்டால் அடுத்த ரிமோட் சேர்க்க அவரைத்தான் கூப்பிட வேண்டும். பாதுகாப்பு கேட்டின் சாவி வெளியாள் கையில் இருக்கிறது என்பதும் அதற்குள் அடங்கும். பில்லில் 15 சதவீதத்தை இந்தச் சோதனைத் தாளோடு இணைத்து வைத்தால் சோதனை தானாக நடக்கும்.

கழற்றிய பழைய கேட்டையும் சொல்லிவிடுகிறோம். அதுவும் 300, 400 கிலோ இரும்பு, அரசின் சொத்து. கழிவென அறிவிக்க ஒரு கோப்பு, ஏலத்துக்கு ஒரு கோப்பு என்று ஓடி முடியும்வரை மதில் ஓரத்தில் சாய்த்து வைக்கிறார்கள், அதுவும் பல நேரம் புதிய கேட் ஒதுங்க வேண்டிய அதே பக்கத்தில். எஸ்டிமேட் போடும்போதே கழிவு அறிக்கையை முடித்து, இரும்பின் மதிப்பை ஒப்பந்தத் தொகையில் கழித்துக்கொண்டு, அகற்றிச் செல்வதை ஒப்பந்ததாரரின் வேலையாகவே எழுதிவிடலாம். எடையை எடைமேடைச் சீட்டின்படி கணக்கிட வேண்டும். கிலோ கணக்கு பொருந்துகிற ஒரே இடம் இதுதான்.

இப்படிக்கு,
வாயிற்கதவு வடிவமைப்பு, நிறுவுதல், பராமரிப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள்,
கோயம்புத்தூர்